நெகட்டிவ் என்றால் ஷிஃப்ட்டுக்கு வா

காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் யாராவது இருமினால் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "டெஸ்ட் எடுத்தியா?" என்றுதான். கொரோனாவுக்கு முன் இப்படி யாரும் கேட்டதில்லை. மெடிக்கலில் நாலு மாத்திரை, ஒரு சுக்குக் காபி, மறுநாள் ஷிஃப்ட், அவ்வளவுதான். இன்று லேப் தரும் தாள்தான் கேட் பாஸ். நெகட்டிவ் என்றால் உள்ளே வரலாம், மூச்சு வாங்கினாலும் சரி. பாசிட்டிவ் என்றால் வெளியே, ஆள் திடமாக இருந்தாலும் சரி.

அந்தத் தாள் சொல்வது கொஞ்சம்தான். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்ட அந்த நேரத்தில் அங்கே வைரஸ் அகப்பட்டதா என்று மட்டும் சொல்லும். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது அதன் கணக்கில் வராது.

2020, 2021-இல் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டோம். ஆர்டி-பிசிஆர் ரிப்போர்ட்டில் சி.டி. வேல்யூ என்று ஓர் எண் இருக்குமே, நினைவிருக்கிறதா? 'எனக்கு 19, மச்சானுக்கு 31' என்று பரீட்சை மார்க் போல வாட்ஸப்பில் ஒப்பிட்டுக்கொண்டார்கள். வைரஸின் மரபணுவை எத்தனை சுற்று பெருக்கிய பிறகு கருவிக்குத் தென்பட்டது என்பதே அந்த எண். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே 25-க்கும் 35-க்கும் நடுவே சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம். எண் குறைந்தால் வைரஸ் அதிகம், அது சரி. அதிலிருந்து 'நோயும் கடுமை' என்று தாவியதுதான் கோளாறு. குச்சி சரியாகப் படாவிட்டால் எண் ஏறும். எந்த நாளில் எடுத்தோம் என்பதைப் பொறுத்தும் மாறும். நோயின் கடுமைக்கும் இந்த எண்ணுக்கும் நம்பத்தகுந்த நேரடித் தொடர்பு இல்லை என்று ஐ.சி.எம்.ஆர். 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. யார் கேட்டார்கள்?

சொல்லப்போனால் பலருக்கு நடந்தது தலைகீழ். அறிகுறி தொடங்கும் நாட்களில் மூக்கில் வைரஸ் உச்சத்தில் இருக்கும், ஆள் நடமாடிக்கொண்டிருப்பார். ஒரு வாரம் கழித்து, வைரஸ் வடிந்துகொண்டிருக்கும்போதுதான் சிலருக்கு நுரையீரலில் அழற்சி ஏறி மூச்சு முட்டும். அன்றைக்குக் குச்சி விட்டால் நெகட்டிவாகக்கூட வரலாம். நம் கேட் கணக்குப்படி அவர் உள்ளே வரத் தகுதியானவர்!

பிறகு வந்தது ஸ்கேன் மோகம். நுரையீரலுக்கு 25-க்கு எத்தனை என்று மதிப்பெண். ஒரு சி.டி. ஸ்கேன் 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று 2021 மே மாதம் எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா எச்சரிக்க, கதிரியக்க மருத்துவர்கள் சங்கம் அந்தக் கணக்கை மறுத்தது. அந்தச் சண்டை எப்படியோ போகட்டும். லேசான தொற்றுக்கு ஸ்கேன் வேண்டாம் என்று அவர் சொன்னதில் தப்பில்லை.

இதைவிட நேரான வழி நம்மிடம் 2009-லேயே இருந்தது. பன்றிக்காய்ச்சல் வந்தபோது மத்திய சுகாதாரத் துறை நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டைவலி என்றால் ஏ. டெஸ்ட் வேண்டாம், வீட்டில் இரு, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்கலாம். காய்ச்சல் கடுமையானாலோ, கர்ப்பிணி, முதியவர், வேறு நோய் உள்ளவர் என்றாலோ பி. மருந்து உண்டு, அப்போதும் டெஸ்ட் இல்லை. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்தல் என்றால் சி. உடனே ஆஸ்பத்திரி, அங்கே டெஸ்ட். முதலில் ஆளைப் பார், அப்புறம் குச்சி.

இதற்கும் ஒரு விலை உண்டு. மோசமானவர்களை மட்டுமே சோதித்தால் பாசிட்டிவ் ஆனவர்களில் பாதிப் பேர் செத்துவிடுவார்களோ என்று பீதி கிளம்பும். லேசாக வந்து போனவர்கள் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள். எவ்வளவு டெஸ்ட் எடுத்தாலும் இது முழுசாகத் தீராது. 2020 நவம்பர் முடிவில் தமிழ்நாட்டில் பதிவான கொரோனா தொற்று ஏறக்குறைய 7.8 லட்சம். அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் எடுத்த ரத்த ஆய்வில் நூற்றுக்குச் சுமார் 32 பேருக்கு எதிர்ப்பணு இருந்தது. ஏழரைக் கோடிப் பேரில் 32 சதவீதம் என்றால் இரண்டு கோடிக்கும் மேல். ஊருக்கு எவ்வளவு பரவியது என்று அறியத்தான் கணக்கெடுப்பு வேண்டும். முன்னால் நிற்கும் ஆளுக்கு அது போதாது.

அவருக்கு வேண்டியது மூச்சு எண்ணுவது. நிமிடத்துக்கு 24-ஐத் தொட்டால் ஓரளவு கடுமை, 30-ஐத் தாண்டினால் கடுமை என்பது கொரோனாவுக்கான நம் அரசு வழிகாட்டி. கையில் வாட்ச் இருந்தால் போதும், செலவில்லை. ஆக்சிமீட்டரில் 93-க்குக் கீழே இறங்கவிடாதே என்றார்கள். நல்ல கருவி, 1970-களில் அதன் தத்துவத்தைக் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. உலகமே அதை விரலில் மாட்டத் தொடங்கிய 2020 ஏப்ரலில்தான் அவர் இறந்தார். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் உண்மையில் இறங்கியிருந்தும் கருவி தெம்பான எண் காட்டுவது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். நம் தோலின் நிறத்தை யோசித்துப் பாருங்கள். கருவி 95 காட்ட, ஆள் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை என்றால் நான் ஆளைத்தான் நம்புவேன்.

சரி, ஏ பிரிவு ஆள் வீட்டில் இருக்கட்டும் என்கிறோம். எப்படி இருப்பார்? புட்லூரில் ரயில் இறங்கி வரும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு லீவு என்றால் அன்றைய கூலி போச்சு. ஐந்தாறு பேராக ஓர் அறையில் தங்கும் வடமாநிலத் தம்பிகளுக்கும் அதே கதை. இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். நோய்க்காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறார்கள்தான். ஆனால் முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. லேசான காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். ஆக மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கி, பக்கத்து மெஷின்காரர் மேல் இருமிக்கொண்டே வேலை செய்கிறார். கேட்டில் ரிப்போர்ட் கேட்கும் நிர்வாகங்கள் அந்த இரண்டு நாள் கூலியை எந்தத் தாளும் கேட்காமல் கொடுத்துப் பார்க்கட்டும்.