கட்டட மேற்பார்வையாளரும் அவர்க்கேற்ற பயிற்சியும்

தமிழ் பயில்வார்க்குச் சிமெண்டிலும் மணலிலும் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும், நகைக்கட்டும். பண்பொழியிலும் அதனையடுத்த ஊர்களிலும் வீடு கட்டுவோர் பலர். அவ்வேலைகளை நின்று நடத்துவோர் எங்ஙனம் பயின்றனர் என்பதை நாம் எண்ணுவதேயில்லை.

ஒருபுறம் பல்லாண்டு கரணை பிடித்த மேஸ்திரி. மறுபுறம் பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்று நேற்று வந்த இளைஞர். முன்னவர்க்கு மணலைக் கையிலெடுத்த அளவிலே அதன் தன்மை விளங்கும், வரைபடம் விளங்காது. பின்னவர்க்கு வரைபடம் விளங்கும், மணல் விளங்காது. தொழில் பழகப் பழகத் தானே வருமென்பார் கூற்றைச் செங்கற்சுவரைப் பொறுத்தமட்டில் நாமும் ஒப்புவோம். சுவர் சாய்ந்தால் தூக்குக்குண்டு உடனே காட்டிக் கொடுத்துவிடும். கான்கிரீட்டோ தன் குற்றத்தை உள்ளே மறைத்துக்கொள்ளும். பூச்சு முடிந்தபின் அதனை அறிவார் யார்?

இவ்வூர் நிலையையே பார்ப்போம். ஆனி ஆடியிற் குற்றாலச் சாரல் இங்கும் வீசுகின்றது. ஈரமணல் பருத்துக் காட்டும்; சிலவேளை காற்பங்குவரை பருக்கும். பெட்டியால் அளப்பவர் போட்டதாக எண்ணும் மணல் உண்மையில் விழுந்திராது. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் நீர் என்று கணக்கிட்டிருந்தால், மணலிலுள்ள நீரை அதிற் கழித்தல் வேண்டும். கழிப்பதை விடுத்து, குழைப்பது எளிதாகட்டுமென்று மேலும் ஒரு குடம் ஊற்றிவிடுகின்றனர். கலவையின் வலிமை போயிற்று. இனி, சாரல் ஓய்ந்து காற்று வீசும் பகலிற் புதுத்தளம் விரைந்து உலரும். 'மழைக்காலந்தானே' என்று நீர் விடாது இருந்துவிடுவர். சாதாரணச் சிமெண்டாயினும் குறைந்தது 7 நாள் நனைத்தல் வேண்டுமென்பது 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதியாகிய ஐ.எஸ். 456 கூறுவது. சென்னைக்கு எழுதிய பாடம் சாரலூருக்குப் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கங்கைக் கால்வாய் வேலைக்கு ஆள் தேவைப்பட்டமையாலன்றோ 1847-இல் ரூர்க்கியிற் பொறியியற் கல்லூரி எழுந்தது! பொறியாளரோடு ஓவர்சியர்களும் அங்கே பயின்றனர். வேலை முன்னே வந்தது. பாடம் பின்னே வந்தது. நாமும் அவ்வண்ணமே செய்யலாம். வேலை நடக்கும் இடமே பள்ளியாகட்டும். கூலி கெடாதபடி மாலையிற் கற்பிக்கட்டும். பாடம் தமிழில் இருக்கட்டும். ரசமட்டம், மூலைமட்டம், முட்டு என்னும் சொற்கள் மேஸ்திரியின் நாவிலேயே இருக்கின்றன. அவற்றை ஏட்டில் ஏற்றுவது தமிழ் மாணவர்க்கும் உரிய பணியே.

2014 ஜூன் 28-இல் சென்னையையடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் கட்டி முடியுமுன்னரே வீழ்ந்து 61 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் வேலையாட்களே. அப்பழியை மேற்பார்வையாளர் தலையில் ஏற்றுவது நம் கருத்தன்று. கற்றவருங்கூட அதிகாரமின்றி ஊமையாய் நிற்பதையே நாம் அஞ்சுகின்றோம். நாலரை மீட்டருக்கு மேற்பட்ட தளத்திற்கு 14 நாள் முட்டு நிற்கவேண்டுமென்பது அவருக்குத் தெரியும். பத்தாம் நாளே பலகை அடுத்த வேலைக்குப் போகவேண்டுமென்று ஒப்பந்தக்காரர் சொன்னால் அவர் யாது செய்வார்? தளத்தில் முட்டு அவிழ்ப்பதற்கு மேற்பார்வையாளரின் கையெழுத்து இன்றியமையாதது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவேண்டும்.