மக்காச் சோளமும் கோழிக்குஞ்சின் தீனியும்

பெரம்பலூர் ஜில்லாவின் கரிசல் நிலங்களில் பருத்தியோடு மக்காச் சோளமும் மிகுதியாய் விளைகின்றது. அரியலூர்ப் பக்கத்திலும் இப்பயிர் பரவியுள்ளது. களத்தை விட்டுக் கிளம்பும் தானியத்தில் பெரும்பகுதி நாமக்கல் முதலிய இடங்களுக்குக் கோழித் தீவனத்தின் பொருட்டு லாரியேறிப் போய்விடுகின்றது. விற்ற தானியத்தையே மாவாக்கிய மூட்டையில் அதிக விலைக்கு வாங்குவானேன் என்று நிலமுடையோர் சிலர் கேட்பது நியாயமே. கம்பெனிக்கு ஒப்பந்தமாய்க் கோழி வளர்ப்போருக்குத் தீனி அங்கிருந்தே வந்துவிடுவதால், அவர்களுக்கு இக்கேள்வி எழுவதில்லை.

சொந்தமாய்த் தீனி கலப்போர் செய்யும் பிழை, புரதம் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பதாகும். குஞ்சுக்கு வேண்டுவது புரதமன்று. புரதத்துள் அடங்கிய அமினோ அமிலங்களே. அவற்றில் லைசின், மெத்தியோனின் என்னும் இரண்டும் குறைந்தால், ஏனையவை எத்துணை நிறைந்திருப்பினும் சதை பற்றாது. இறகும் சரியாய் முளைக்காது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-ல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் 3 வாரத்து இறைச்சிக் கோழிக் குஞ்சின் தீனி 100 கிலோவில் லைசின் 1,100 கிராமும் மெத்தியோனின் 500 கிராமும் இருத்தல் வேண்டும். இக்காலத்து விரைந்து வளரும் இனங்களுக்கு இன்னும் சற்றுக் கூடுதலே தேவை.

மக்காச் சோளம் 60 கிலோவும் சோயாப் பிண்ணாக்கு 35 கிலோவும், மீதிக்கு எண்ணெய், உப்பு, தாதுக் கலவை ஆகியனவும் சேர்த்தால், லைசின் ஏறக்குறையச் சரியாகிவிடும். மெத்தியோனினோ 175 கிராம் அளவிற்குக் குறையும். சோயாவுக்குப் பதிலாக ஊரில் கிடைக்கும் கடலைப் பிண்ணாக்கையே முழுவதும் இட்டால், லைசினும் 400 கிராமுக்கு மேல் குறைந்துவிடும். பூஞ்சைக் காளானின் நஞ்சு கடலைப் பிண்ணாக்கில் எளிதில் சேருமாதலால், இளங்குஞ்சுக்கு அதனை மிகுதியாய் இடுவது எவ்வகையிலும் தகாது. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய உண்டு, லைசின் குறைவு. ஆகவே சோயாவோடு சிறிது கலக்க ஏற்றது.

இந்தக் குறையைப் பிண்ணாக்கைக் கூட்டி நிரப்ப முயல்வது வீண் செலவு. மிகுந்த புரதத்தைக் குஞ்சு எச்சத்தோடு கழித்துவிடும். கூளமும் ஈரித்து நாறும். கடையில் விற்கும் மெத்தியோனின் தூளைக் குறையும் அளவுக்கு மட்டும் வாங்கிச் சேர்ப்பதே சிக்கனம். லைசின் தூளில் 100-க்கு 78 பங்கே லைசினாதலால், அதற்கேற்பக் கூட்டி நிறுக்க வேண்டும். இத்தூளை நேரே குவியலில் கொட்டாமல், முதலில் சில கிலோ மாவோடு நன்றாய்க் கலந்து, அதன் பின்னரே பெருங்கலவையில் சேர்த்தல் வேண்டும். மெத்தியோனின் மிகுந்தாலும் குஞ்சின் வளர்ச்சி குன்றும். ஆதலால் கைப்பிடிக் கணக்கு உதவாது, தராசே வேண்டும்.

லைசின் மிகுந்த மக்காச் சோள ரகங்களைப் பயிரிடலாமே என்பாரும் உளர். ஒபேக்-2 என்னும் மரபுக்கூறு லைசினை மிகுவிப்பது 1964-ல் வெளியாயிற்று, இந்தியாவிலும் எச்.க்யூ.பி.எம்.-1 முதலிய ரகங்கள் வந்துள்ளன. ஆனால் அடுத்த வயலின் மகரந்தம் பட்டால் அக்குணம் குறையும். வாங்குவோர் தனி விலைக்கு முன்னரே ஒப்புக்கொண்டாலன்றி, விற்பனைக்காக அதனை விதைப்பது புத்தியன்று. சொந்தக் கொட்டகைக்கென்று ஓர் ஏக்கர் ஒதுக்கிப் பார்ப்போர் பார்க்கலாம். அப்போதும் மெத்தியோனின் வாங்கியே தீரவேண்டும்.