செவிக்குள்ளா, செவிமேலா?



சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, ஆலயப் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவர் தம் தந்தையுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். சிறுவர்களுக்கு இசை கற்பித்து ஓராண்டாகச் சேர்த்த 8,000 ரூபாய் அவர் கையில் இருந்தது. "சாமி, காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர் வாங்குவதா, காதை மூடும் பெரிய ஹெட்போன் வாங்குவதா என்று ஒரு வாரமாக வீட்டில் வழக்கு நடக்கிறது. நீங்கள்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றார். தந்தையாரோ முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் ரிங் பிரேம் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவர். நான் இருமுறை உரக்கச் சொன்ன பிறகே என் சொல் அவருக்கு எட்டியது. "காதுக்குள் எதையும் செருக வேண்டாம் என்று சொல்லுங்கள் சாமி. இந்த வீட்டில் ஒருவன் காது போனது போதும்" என்பது அவர் கட்சி.

இவ்வழக்கு அவர்கள் வீட்டோடு முடிவதன்று. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை உள்ள இல்லங்கள் பலவற்றில் இது எழுகின்றது. ஆகவே அன்று பேசியதைச் சற்று விரித்தே எழுதுகிறேன். ஒலிக்கருவிகளைப் பற்றித் தொடங்கினால் நான் எளிதில் நிறுத்துவதில்லை என்பதைப் பங்கு மக்கள் அறிவார்கள், பொறுத்துக்கொள்க.

தலையில் அணிந்து கேட்கும் கருவி புதியதன்று. 1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தேனியல் பால்ட்வின் என்பார் தம் வீட்டுச் சமையலறையில் செய்த கருவிகளை அந்நாட்டுக் கடற்படை வாங்கிற்று. இரு செவிக்கும் வெவ்வேறு ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை 1958-இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் கொணர்ந்தார். பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம், பின்புறம் திறந்த அமைப்புடைய ஹெச்.டி. 414 என்னும் கருவியை வெளியிட்டது. 1979-இல் வாக்மேன் வந்தது. நான் குருமடத்தில் பயின்ற நாளில் எங்கள் வகுப்பில் ஒரே ஒரு வாக்மேன் இருந்தது. அதன் பஞ்சு வைத்த ஹெட்போனை ஆறு பேர் முறைவைத்து அணிந்தோம். பஞ்சு தேய்ந்து கம்பி தெரிந்த பிறகும் அதை எவரும் எறியவில்லை.

காதுக்குள் செருகும் வகையின் வரலாறு வேறு. முதியோர் அணியும் காது கேட்கும் கருவிக்குள் இருக்கின்ற நுண்ணிய ஒலியெழுப்பியையே எடுத்து, 1991-இல் எடிமோட்டிக் நிறுவனம் ஈ.ஆர்.-4 என்ற இசை கேட்கும் கருவியைச் செய்தது. வான் ஹேலன் என்ற ராக் இசைக்குழுவின் ஒலிப்பொறியாளராயிருந்த ஜெர்ரி ஹார்வி, மேடைப் பேரொலியின் நடுவே டிரம்ஸ் கலைஞர் தம் வாசிப்பைத் தெளிவாகக் கேட்கும்பொருட்டு இத்தகைய கருவியைச் செய்துகொடுத்து, 1995-இல் அதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கினார். மானிட்டர் என்னும் பெயர் இதனால் வந்தது: கலைஞர் தம்மைத் தாமே கண்காணிக்கும் கருவி.

இனி, இரண்டும் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். பெரிய ஹெட்போனுக்குள் 40 அல்லது 50 மில்லிமீட்டர் அகலமுள்ள சவ்வு அதிர்கிறது. அவ்வொலி செவிமடலில் பட்டு, அதன் மேடுபள்ளங்களில் திரும்பி, பிறகே உள்ளே செல்கிறது. நம் மூளை பிறந்தது முதல் பழகிய வழி அது. ஆகவே இசை தலைக்கு வெளியே, ஓரளவு விரிந்து ஒலிப்பதுபோலத் தோன்றும். செருகு கருவியில் சவ்வு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவே. அது செவிமடலைத் தாண்டி, செவிக்குழாயை அடைத்துக்கொண்டு செவிப்பறையை நோக்கி நேரே பேசுகிறது. அடைப்பு நன்றாக அமைந்தால் அச்சிறு சவ்வே மிருதங்கத்தின் தொப்பி ஒலியைக் குறைவின்றித் தரும். அடைப்பில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலியெல்லாம் வெளியேறி, தகரக்குரல் மிஞ்சும். கருவியோடு சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு ரப்பர் முனைகள் வருவதற்குக் காரணம் இதுவே. பெட்டியைத் திறந்ததும் மாட்டியிருக்கும் முனையோடு கேட்டுவிட்டு, "கருவி சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்போர் பலர். இடச்செவிக்கு ஓர் அளவும் வலச்செவிக்கு வேறோர் அளவும் பொருந்துவது இயல்பு.

பண அளவில் பார்த்தால், நடுத்தர விலையில் செருகு கருவியே ஒலித்தெளிவில் மிகுதியாகத் தருகிறது என்பது என் மதிப்பீடு. சென்ற பத்தாண்டுகளில் சீன நிறுவனங்களின் போட்டியால் முன்னர் செல்வர் மட்டுமே கேட்ட தரம் இன்று சில ஆயிரங்களுக்குக் கிடைக்கிறது. பெரிய கருவியின் விலையிலோ பாதி, தலைப்பட்டைக்கும் மெத்தைக்கும் உறைக்கும் போய்விடும். நம் கோடையில் அம்மெத்தைக்குள் காது வெந்துபோவதும், செயற்கைத் தோல் ஓரிரு ஆண்டில் உரிந்து கழுத்தில் கறுப்புத் துகளாக ஒட்டுவதும் அணிந்தவர் அறிவர். ஆயினும் மெத்தையை மாற்றலாம். செருகு கருவியில் கம்பி கழற்றி மாட்டும் வகையாக இருக்கட்டும். ஏனெனில் முதலில் அறுவது கம்பிதான்.

கம்பியில்லாத புளூடூத் வகையை நான் அன்றே விலக்கிவிட்டேன். பாட்டுக் கேட்க அது போதும். கீபோர்டில் கட்டையை அழுத்திய பின் ஒலி செவியை அடைய நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ தாமதமானால், வாசிப்பவர் விரல் தடுமாறிவிடும்.

தந்தையாரின் அச்சத்திற்கு வருவோம். காதுக்குள் வைப்பது கெடுதல், வெளியே வைப்பது நலம் என்று பலரும் எண்ணுகின்றனர். கருவி இருக்கும் இடத்தை விட, செவிப்பறையை அடையும் ஒலியின் அளவும் அது நீடிக்கும் நேரமுமே கணக்கு. வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, சிறுவர்க்கு 75. ஒலி 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அக்கணக்கில் 89 டெசிபெல்லுக்கு வாரத்தில் 5 மணி நேரமே இடமுண்டு. நூற்பாலையின் ரிங் பிரேம் கூடத்தில் ஒலி 90-ஐ எட்டும். அங்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் ஒரு செவிக்கு ஏறத்தாழ 15,000. கெட்டவை மீண்டும் முளைப்பதில்லை.

இதில் நன்கு அடைக்கும் செருகு கருவிக்கு ஒரு நன்மையும் உண்டு. புறவொலியை 20 டெசிபெல்லுக்கு மேல் அது தடுப்பதால், பேருந்து இரைச்சலிலும் சிறிய ஒலியே போதுமானது. அடைக்காத மலிவுக் கருவியை அணிந்தவர்தாம் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போவர். ஆனால் அதே அடைப்போடு சாலையையோ தண்டவாளத்தையோ கடப்பவர் தம் உயிரோடு விளையாடுகிறார். இதைத் தந்தையாரிடம் உரத்த குரலில் விளக்கினேன். தலையசைத்தார், இசைந்தார் என்று சொல்ல முடியவில்லை.

பிறகு இளைஞரிடம், "தம்பி, எங்கே, எப்போது வாசிப்பாய்?" என்று கேட்டேன். உண்மையான வழக்கு அப்போதுதான் வெளிவந்தது. அவர்கள் வீடு ஒரே அறை, ஒரு சமையற்கட்டு. இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பயிற்சி. அதே அறையில் தங்கை பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கிறாள். மூலைக் கட்டிலில் பாட்டி. இரவில் ஓரிரு முறை எழுந்துபோகத் துணை வேண்டும். தந்தைக்குக் காது எட்டாது. தாய்க்கு மருத்துவமனையில் இரவுப் பணி. பாட்டி கூப்பிட்டால் எழ வேண்டியவர் இவர்தாம். நண்பர் ஒருவரிடம் செருகு கருவியை இரவல் வாங்கிவந்து வாசித்த ஓர் இரவில், பாட்டி மூன்று முறை அழைத்தும் இவருக்குக் கேட்கவில்லை. தங்கை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் சுவரைப் பிடித்துத் தனியே எழுந்துவிட்டார். விழவில்லை. "அன்றிலிருந்து எனக்கு வாசிக்கவே பயமாயிருக்கிறது சாமி" என்றார்.

இதைக் கேட்டபின் ஒலித்தரம் பற்றிய என் பேச்செல்லாம் இரண்டாம் இடத்திற்குப் போயிற்று. பின்புறம் திறந்த ஹெட்போன் அணிந்தால் பாட்டியின் குரல் தடையின்றிக் கேட்கும், இசையும் இனிது. ஆனால் அதன் ஒலி பாதி வெளியே கசியும். தங்கையின் படிப்பு கெடும். செருகு கருவி தங்கைக்கு நல்லது, பாட்டிக்குக் கேடு. அதை ஒரு காதில் மட்டும் செருகிக்கொள்ளலாமே என்பீர்கள். அப்படிச் செய்பவர் குறையை ஈடுகட்ட மறுகாதில் ஒலியைக் கூட்டிவிடுவார். மேடைக் கலைஞரிடம் இப்பழக்கத்தைச் செவி மருத்துவர் கண்டிப்பது இதனால்தான். அன்றியும் செவிக்குழாயை அடைத்துக்கொண்டு பாடினால் தன் குரலே தலைக்குள் முழங்கும். இவர் வாசித்துக்கொண்டே பாடிப் பழகுபவர்.

எஞ்சியது மூடிய வகை ஹெட்போன். ஒலிப்பதிவுக் கூடங்களில் 1991 முதல் வழங்கும் சோனி எம்.டி.ஆர். 7506, அதற்கும் முன்னரே வந்த பேயர்டைனமிக் டி.டி. 770 போன்றவை இவ்வினம். கசிவு குறைவு. புறவொலியை ஓரளவே தடுக்கும். பாடகர் பதிவின்போது ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னே தள்ளிவிட்டுத் தம் குரலைக் கேட்பது வழக்கம். கட்டில் இருக்கும் பக்கத்துக் காதை அப்படித் திறந்துவைத்து, தள்ளிய கிண்ணத்தைத் தலையோடு அழுந்த விட்டால் கசிவும் மிகாது. இதிலும் மறுகாதின் ஒலி கூடும் அபாயம் உண்டு. ஆகையால் கீபோர்டின் ஒலித்திருகில், அமைதியான அறையில் போதுமான அளவை முதல் நாளே குறித்து அதைத் தாண்டாதிருக்கச் சொன்னேன். விலை மிக்க கருவிக்கு ஆசைப்படுமுன் அதன் மின்தடை எண்ணைப் பார்க்கவும் சொன்னேன். டி.டி. 770-ஐயே 32, 80, 250 ஓம் என வெவ்வேறாக விற்கிறார்கள். 250 ஓம் வகைக்குச் சாதாரணக் கீபோர்டு ஈடுகொடுக்காமல் போகலாம்.

பத்து நாள் கழித்து இருவரும் மீண்டும் வந்தனர். மூடிய வகையையே வாங்கி, ஒலித்திருகின் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தார். தந்தையின் தலையில் கருவியை மாட்டி, இடக்கைப் பக்கமிருந்து வாசிக்கத் தொடங்கினார். தாழ்ந்த சுரங்களுக்குத் தந்தை முகம் மலர்ந்து தாளமிட்டார். மகன் மெல்ல மெல்ல மேலேறி, பொத்தானை அழுத்தி இன்னும் ஒரு ஸ்தாயி கூட்டினார். ஆலை இரைச்சல் முதலில் பறிப்பது அந்த உயர்ந்த பகுதியைத்தான் என்பது அப்போது எனக்கு நினைவில்லை. மகனின் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கையில் தந்தை கருவியைக் கழற்றி, "ஏன் நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டார்.

மகன் சிவப்புக் கோட்டைத் தாண்டித் திருகைக் கூட்டவில்லை. வாங்கியது போக 600 ரூபாய் மீந்திருக்கிறதாம். வருகிற வியாழனன்று தந்தையை அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போகிறார்.