'இஸ்' என்று எழுதுவதா, 'வொஸ்' என்று எழுதுவதா?



பிள்ளைகளின் ஆங்கில வீட்டுவேலை பற்றிக் கதைக்கும்போது தாய்மார் அடிக்கடி சொல்வது, "எனக்கு இங்கிலீஸ் தெரியாது மிஸ், நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்பதுதான். ஆனால் சில வீடுகளில் ஆங்கிலம் தெரியாமையை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருப்பதை அவதானித்துள்ளேன். இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறேன்.

சின்ன வகுப்புகளில் "மை பமிலி", "மை பாதர்" என்று ஐந்து வசனம் எழுதச் சொல்வார்கள். தமிழில் "என் அப்பா மீனவர்" என்று எழுதினால் அந்த வசனத்தில் காலம் இல்லை. இப்போதும் மீனவரா, முன்பு மீனவரா என்று அது கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' அல்லது 'வொஸ்' போட்டே ஆகவேண்டும். தந்தை காணாமற்போன வீட்டில் பிள்ளை பேனையை வைத்துவிட்டுத் தாயின் முகத்தைப் பார்ப்பது இந்த இடத்தில்தான். 'வொஸ்' என்றால், தாய் ஏற்றுக்கொள்ளாத ஒன்றைப் பிள்ளை எழுதியதாகிவிடும். 'இஸ்' என்றால், "அப்பா எங்கே வேலை செய்கிறார்?" என்ற கேள்வி வகுப்பில் வரும்.

2009இல் மடியில் இருந்த குழந்தைகள் இன்று பாடசாலைப் படிப்பின் முடிவுக்கு வந்துவிட்டார்கள். கேள்வி முடியவில்லை. அம்மப்பாவைப் பற்றி, மாமாவைப் பற்றி எழுதும்போது அது அடுத்த தலைமுறையின் கொப்பிக்கும் வருகிறது.

இங்கு நாம் செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, பிள்ளை கேட்டால் பேச்சை மாற்ற வேண்டாம். "வெளிநாட்டில் நிற்கிறார்" என்றும் சொல்ல வேண்டாம். உண்மையைப் பிள்ளை ஒருநாள் அயலவரிடமிருந்து அறியும்போது உங்கள் மீதுள்ள நம்பிக்கையும் குறையும். "தேடுகிறோம், இன்னும் தெரியவில்லை" என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

இரண்டாவது, அந்த உண்மையை எழுத ஆங்கிலத்திலும் வழி உண்டு. "மை பாதர் ஹாஸ் பீன் மிஸிங் சின்ஸ் 2009." அன்று தொடங்கியது இன்றும் தொடர்கிறது என்பதே இவ்வசனத்தின் பொருள். அவர் இருக்கிறார் என்றோ இறந்தார் என்றோ இது சொல்வதில்லை. பிள்ளை இதை எழுத விரும்பாவிட்டால் அம்மம்மாவைப் பற்றி எழுதட்டும். கட்டாயப்படுத்தக் கூடாது.

மூன்றாவது, வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "எனக்குப் பிடித்த ஒருவர்" என்று தலைப்பை மாற்றித் தரும்படி கேட்பதில் தவறில்லை. வகுப்பின் முன் வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்கலாம்.

பெரிய வகுப்புகளில் சமூகப் பிரச்சினை ஒன்றைப் பற்றி ஒப்படை செய்ய வேண்டி வரும். காணாமற்போதல் நம் வீட்டுத் துயரம் மட்டுமல்ல, நாட்டின் பிரச்சினையும் ஆகும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில் இறப்புப் பதிவு தொடர்பான சட்டம் ஒன்றும் திருத்தப்பட்டது. இதனால் இறப்புச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள், அவர் காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழைப் பெறலாம். பிள்ளையின் கொப்பியில் இருந்த அதே சிக்கல் சட்டத்துக்கும் இருந்திருக்கிறது! சான்றிதழ் போதாது, பதில் வேண்டும் என்று கேட்கும் தாய்மாரும் உள்ளனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் அதையே கேட்டது.

இந்த ஒப்படைக்குத் தாயே சிறந்த உதவி. எந்தத் திகதியில் எங்கே முறைப்பாடு கொடுத்தீர்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சொல்ல முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். பிள்ளை அதைத் தமிழில் எழுதட்டும். பின்பு ஆசிரியரின் உதவியோடு ஆங்கிலத்தில் எழுதலாம்.

பிள்ளை அந்தக் கட்டுரையை எழுதிய பின் சிறிது நேரம் அருகிலேயே இருங்கள். அதற்கு ஆங்கிலம் தேவையில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.