முரசும் மூவாயிரம் வெள்ளியும்



ஐந்து மாதங்களுக்கு முன், பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் போய் வந்தேன். பிடோக்கில் என் சிற்றன்னை மகள் வீடு இருக்கிறது. அங்கே இரண்டு நாள் தங்கினேன். பிடோக் என்ற பெயர், மசூதிகளில் தொழுகைக்கு அழைக்க அடிக்கப்பட்ட பெரிய முரசின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஒலிபெருக்கி வராத காலத்துச் சங்கதி. நம் தோட்டங்களில் விடியற்காலை பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தார்களே, அதுபோலத்தான். இப்போது அங்கே முரசுச் சத்தம் கேட்பதில்லை. தலைக்கு மேலே பாலத்தில் எம்.ஆர்.டி. ரயில் ஓடும் சத்தம்தான் கேட்கிறது.

அந்தப் பிடோக்கில் என்னிடம் நான்காம் ஆண்டு படித்த பையன் ஒருவனும் குடியிருக்கிறான். பையன் என்று எழுதிவிட்டேன். அவனுக்கு இப்போது வயது முப்பத்திரண்டு. ஒரு குழந்தைக்குத் தகப்பன். ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவன். தாயார் மரம் சீவினார். தகப்பனார் செம்பனைக் குலை அறுத்தார். பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே பெண் எடுத்து, ஏர்கோன் கழுவிப் பழுது பார்க்கும் சிறு தொழில் ஒன்றை நடத்துகிறான். ஒரு வேன், இரண்டு ஆட்கள். கடன் இல்லை. நம் பிள்ளைகளில் ஒருவன் இந்த அளவுக்கு வந்திருப்பதைக் கண்டால் ஓர் ஆசிரியைக்கு வேறு என்ன வேண்டும்?

பேருந்து நிலையத்தை ஒட்டிய உணவங்காடியில் எனக்குத் தேநீர் வாங்கி வைத்துவிட்டு, "டீச்சர், உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்" என்றான். பக்கத்தில் அவன் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யோசனை கேட்பதற்கு முன்பே வீட்டில் ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கிறது என்பது அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

விஷயம் இதுதான். அவன் பாட்காஸ்ட் நடத்த விரும்புகிறான். தமிழில் வலையொலி என்று எழுதுகிறார்கள். அது என்ன என்று சில தாய்மார்கள் கேட்கக்கூடும். ரேடியோ நிகழ்ச்சி போன்றதுதான். ஆனால் மின்னல் பண்பலையிலோ சிங்கப்பூர் ஒலி 96.8-லோ ஒரு நிகழ்ச்சி வந்தால், அந்த நேரத்துக்கு நாம் ரேடியோ பக்கம் இருக்க வேண்டும். பாட்காஸ்ட் நமக்காகக் காத்திருக்கும். கைத்தொலைபேசியில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது 2004-ல். அடுத்த ஆண்டே ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் இதற்கு இடம் கொடுத்தது. அதிலிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

சிறுதொழில் செய்யும் தமிழர்களுக்காக, விலை சொல்வது எப்படி, கடன் பாக்கியை வசூலிப்பது எப்படி, வேலைக்காரர்களை நிறுத்தி வைத்துக்கொள்வது எப்படி என்று பேச வேண்டும் என்பது அவன் ஆசை. நல்ல ஆசைதான். அதற்குப் பயிற்சி தருகிறேன் என்று ஒருவர் முன்வந்திருக்கிறார். பன்னிரண்டு வாரம். கட்டணம் 3,000 வெள்ளி. "உன்னுடைய தோட்டத்துப் பேச்சை முதலில் மாற்ற வேண்டும். இப்படிப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றும் சொல்லியிருக்கிறார்.

"அந்தக் காசு வேனுக்கு ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ் கட்ட வச்சது டீச்சர். அதையும் எடுத்துக் குடுத்துட்டா வேன் ஓடுமா, இல்ல இவர் வாய் ஓடுமா?" என்றாள் மனைவி.

அவன் சிரித்தான். பிறகு மெதுவாக, "டீச்சர், உங்களுக்கு ஞாபகம் இருக்கா? சபைக் கூட்டத்துல என்னைப் பேசச் சொன்னீங்க. நான் 'கித்தா மரம்'னு சொன்னேன். நீங்க நிறுத்தி, 'இரப்பர் மரம் என்று சொல்'னு மூணு தடவ சொல்ல வச்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நான் மேடை ஏறவே இல்ல" என்றான்.

அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் என் தேநீர் ஆறிப்போயிற்று. எனக்கு நினைவே இல்லை! ஆசிரியருக்கு மறந்துபோவது பிள்ளைக்கு இருபத்திரண்டு வருடம் தங்கிவிடுகிறது. அவன் அந்தப் பயிற்சியாளருக்குக் கொடுக்க இருந்த 3,000 வெள்ளியில் பாதி, நான் அன்று செய்த காரியத்துக்கான அபராதம் என்றே எனக்குத் தோன்றியது.

ஆகவே பொறுப்போடு யோசித்துத்தான் பதில் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் மகனோ மருமகளோ நாளைக்கு இப்படிக் கேட்கலாம்.

முதலில் கணக்கு. "ஒரு வீட்டில் மூன்று ஏர்கோன் கழுவினால், ஆள் கூலி, பெட்ரோல் எல்லாம் போக உனக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன். "முப்பது வெள்ளி மிஞ்சினா பெரிசு" என்றான். அப்படியானால் 3,000 வெள்ளி என்பது நூறு வீடு. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நூறு வீடு ஏறி இறங்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

அரசாங்கம் உதவாதா என்று கேட்டேன். சிங்கப்பூரில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திட்டத்தில், 2016 முதல், 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 500 வெள்ளி பயிற்சித் தொகை கொடுத்தார்கள். 2024-ல், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இன்னும் 4,000 வெள்ளி சேர்த்தார்கள். ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளுக்கு மட்டும். இவன் மலேசியக் குடிமகன். பயிற்சியாளரோ அந்தப் பட்டியலில் இல்லாத தனி மனிதர். ஆகவே கொடுப்பது முழுவதும் சொந்தப் பணம்தான்.

அடுத்து, அந்தப் பயிற்சியாளரிடம் கேட்டு வரும்படி நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று: நீங்கள் சொந்தமாக நடத்தும் பாட்காஸ்ட் எது? அதில் ஐந்து நிகழ்ச்சிகளை நான் கேட்க வேண்டும். நீச்சல் தெரியாதவரிடம் நீச்சல் படிக்க முடியாது.

இரண்டு: உங்களிடம் முன்பு படித்தவர்கள் யார்? ஒரு வருடம் கழித்தும் அவர்கள் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறதா? நாலைந்து நிகழ்ச்சியோடு ஓய்ந்துபோகும் பாட்காஸ்ட்கள் ஏராளம். தொடங்கி வைப்பது சுலபம்; தொடர்ந்து நடத்த வைப்பதில்தான் பயிற்சியாளரின் திறமை தெரியும்.

மூன்று: எதைக் கற்றுத் தருவீர்கள்? பேச்சா, பதிவு செய்யும் முறையா, விளம்பரமா? எல்லாம் என்று பதில் வந்தால் யோசிக்க வேண்டும். ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் பார்க்கலாமா என்றும் கேட்க வேண்டும்.

நான்கு: கணக்கும் பதிவுகளும் யார் பெயரில் இருக்கும்? இது முக்கியம். கூகுள் நிறுவனமே தன் பாட்காஸ்ட் செயலியை 2024-ல் மூடிவிட்டது. செயலிகள் வரும், போகும். பதிவின் மூலப் பிரதி நம் கையில் இருக்க வேண்டும். கடவுச்சொல் நம்மிடம் இருக்க வேண்டும்.

இந்த நான்கையும் கேட்டுவிட்டு, அவனிடம் ஐந்தாவதாக ஒன்று கேட்டேன். "உன்னிடம் ஏர்கோன் கழுவக் கூப்பிடுகிறவர்கள் தெம்பனிஸிலும் பிடோக்கிலும் இருக்கிறார்கள். உன் பேச்சைக் கேட்கப் போகிறவர்கள் சென்னையிலும் கொழும்பிலும் இருந்தால், அவர்கள் உன் வேனைக் கூப்பிடுவார்களா?" அவன் பதில் சொல்லவில்லை. மனைவி சொன்னாள்: "அதத்தான் நானும் கேக்குறேன்." வியாபாரம் பெருக வேண்டும் என்பதற்காகப் பேசுவது வேறு, நாலு பேருக்கு வழி காட்ட வேண்டும் என்று பேசுவது வேறு. இரண்டும் நல்லதுதான். ஆனால் முதலாவதற்கு 3,000 வெள்ளி முதலீடு. இரண்டாவதற்கு அது தர்மம். எது என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

நானே ஓர் ஆசிரியை. ஆசிரியர் வேண்டாம் என்று நான் சொல்வேனா? பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த விரிவுரையாளர்களின் பாடங்களில் பெரும்பகுதி மறந்துவிட்டது. ஆனால் நான் பயிற்சிக்குப் போன பள்ளியில், ஒருநாள் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்த அம்மையார் சொன்னது மறக்கவில்லை. "நீ கரும்பலகையோடு பேசுகிறாய். பிள்ளைகள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் இத்தனை வருடம் பிழைத்து வருகிறேன். ஆனால் அதற்கு முன் ஆறு வாரம் நான் வகுப்பில் நின்றிருந்தேன். நின்று தடுமாறியிருக்காவிட்டால் அவர் சொன்னது எனக்கு விளங்கியிருக்காது.

பயிற்சியாளர் விஷயமும் அதுதான். பதிவு செய்து, திரும்பக் கேட்டு, "இந்த இடத்தில் என்னால் தாண்ட முடியவில்லை" என்று சொல்லத் தெரிந்த பிறகு அவரிடம் போனால், ஒரு மணி நேரம் போதும். ஒன்றும் செய்யாமல் போனால் பன்னிரண்டு வாரமும் பொதுவான பாடம்தான் கிடைக்கும்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அலெக்ஸ் புளும்பெர்க் என்பவர் பல ஆண்டு வானொலியில் பழகியவர். பாட்காஸ்ட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கப் பணம் தேடினார். அதையே 2014-ல் 'ஸ்டார்ட்அப்' என்ற பாட்காஸ்டாகவும் நடத்தினார். முதல் நிகழ்ச்சியில் என்ன வந்தது தெரியுமா? ஒரு பெரிய பணக்காரரிடம் தன் தொழிலை விளக்கப் போய், உளறித் தடுமாறியது அப்படியே வந்தது. அந்தப் பணக்காரரே, "நீ இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்" என்று எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அத்தனை அனுபவம் உள்ளவர் தன் தடுமாற்றத்தை மறைக்கவில்லை. ஜனங்கள் அதைத்தான் விரும்பிக் கேட்டார்கள். அவருடைய கிம்லெட் நிறுவனத்தை 2019-ல் ஸ்பாட்டிஃபை ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பிற்பாடு அதன் பல நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். பாட்காஸ்ட் உலகில் பணம் வந்த வேகத்திலேயே போவதும் உண்டு.

மேடைக் கூச்சத்துக்கு வேறு மருந்தும் இருக்கிறது. 1924-ல் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் கழகங்கள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. உறுப்பினர்களே ஒருவர் பேச, மற்றவர் குறை நிறை சொல்கிறார்கள். எத்தனை முறை "ஆ... ஊ..." என்று இழுத்தோம் என்று எண்ணுவதற்கே ஒருவர் இருப்பார்! சிங்கப்பூரில் தமிழிலேயே கூடும் கழகங்கள் உண்டு. சந்தா, தனிப் பயிற்சிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சொற்பம்.

கடைசியில் நாங்கள் மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். வேன் பணத்தைத் தொடக்கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு நிகழ்ச்சி, கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்வது. வெட்டி ஒட்டுவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஆறு முடிந்ததும் திரும்பக் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் ஒரே ஒரு மணி நேரம் பயிற்சியாளருக்குப் பணம் கொடுப்பது.

முதல் பதிவு எனக்கு வந்தபோது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. வீட்டின் வெறும் சுவரும் தரை ஓடும் சத்தத்தைத் திருப்பி அடித்திருக்கின்றன. துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன் உட்கார்ந்து, தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசு என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். இரண்டாம் பதிவு தெளிவாக இருந்தது.

அதில் அவன் ஒரு கிழவியின் வீட்டைப் பற்றிப் பேசினான். சரியாக மூடாத குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகி, அவருடைய புது மெத்தை நாற்காலி நாசமாகிவிட்டது. பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, தவணையில் பணம் கட்டினான். அந்தக் கிழவி பிறகு அதே மாடியில் ஐந்து வீடு பிடித்துக் கொடுத்தார். இதை நம் தோட்டத்துப் பேச்சிலேயே, "எங்கம்மா கித்தா மரத்துல பால் எடுத்த கையி..." என்று தொடங்கிச் சொன்னான். கித்தா என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் பதிவை நிறுத்தி, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதை அவன் தாயாருக்குப் போட்டுக் காட்டினேன். "எம் மவன் ரேடியோவுல பேசுறான்" என்று பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுவிட்டார்.

ஆறு நிகழ்ச்சியும் முடிந்துவிட்டன. எந்த நிமிடத்தில் எத்தனை பேர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்று செயலி காட்டுகிறது. இவனுடைய நிகழ்ச்சியில் பத்தாவது நிமிடத்தில் பாதிப்பேர் போய்விடுகிறார்கள். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு பயிற்சியாளரைத் தேடுகிறான். முன்பு வந்தவரை அல்ல. பேச்சை மாற்றச் சொல்லாத ஒருவரை. இந்த முறை மனைவியும் சரி என்றுவிட்டாள்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! உங்கள் பிள்ளை எதற்காவது பயிற்சிக்குப் பணம் கேட்டால், உடனே கொடுக்கவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். "இதுவரை நீயாக என்ன செய்து பார்த்தாய்? எந்த இடத்தில் நின்றுவிட்டாய்?" என்று கேளுங்கள். அதற்கு அவனிடம் பதில் இருந்தால், அந்தப் பணம் வீண் போகாது.

என்னுடன் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சபையில் ஒரு பிள்ளை "கித்தா" என்று சொன்னால், சொல்லி முடிக்கட்டும். இரப்பர் என்ற சொல்லை வகுப்பறைக்குப் போன பிறகு கற்றுக் கொடுக்கலாம்.