வண்டலூர்ப் பிள்ளைக்கு லிங்கன் எதற்கு?

வாஷிங்டன், லிங்கன், ஆம்ஸ்ட்ராங் கதையெல்லாம் வண்டலூர்ப் பிள்ளைகளுக்கு எதற்கு, நம்மவர் வரலாறு போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. நம்மவர் வரலாறே அந்தக் கதைகளோடு பின்னிக் கிடக்கிறது.

வண்டலூர் உயிரியல் பூங்கா அண்ணாவின் பெயரில் இருக்கிறது. முதலமைச்சராக இருந்தபோது, 1968இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. அவர் வளர்ந்த சுயமரியாதை இயக்கமோ அமெரிக்கப் பகுத்தறிவாளர் இங்கர்சாலைத் தமிழில் பரப்பியது. இங்கர்சாலை நீக்கிவிட்டு அந்த இயக்கத்தின் கதையை எப்படிச் சொல்வீர்கள்?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் 1953இல் அமெரிக்கக் குடிமகனானார். அவர் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியை 1999இல் விண்ணுக்குச் சுமந்த கொலம்பியா விண்ணோடத்துக்குத் தலைமையேற்றவர் ஐலீன் காலின்ஸ். விண்ணோடப் பயணம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர். இந்தக் கதையை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது?

வெறும் புகழ்மாலை கூடாது என்றால் முழு மனதோடு ஏற்கிறேன். வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் வகுப்பில் சொல்லத்தான் வேண்டும். அப்போதுதான் சாதிக் கொடுமையை எதிர்த்த ஜோதிராவ் பூலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு ஏன் காணிக்கையாக்கினார் என்பது பிள்ளைக்கு விளங்கும்.