சுறா, திருக்கைக்கும் 'ஸ்ட்ரெஸ்' வருமா? தொட்டியிலும் வலையிலும் நடப்பது என்ன?

திருவள்ளூர், திருப்பாச்சூர் பக்கம் இருந்து லீவு நாளில் ஈ.சி.ஆர். மீன் காட்சியகத்துக்குப் போனால், தலைக்கு மேல் திருக்கை நீந்துவதைப் பார்த்ததும் கை தானாக செல்போனுக்குப் போகும். ஆனால் தொட்டி மாற்றவோ, ரத்தப் பரிசோதனைக்கோ இந்த மீன்களைப் பிடிக்கும் சில நிமிடங்கள்தான் அவற்றுக்கு கண்டம்.

ஏன் அப்படி? சுறா, திருக்கை இரண்டுக்குமே எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்புதான். உள்ளுறுப்புகளைக் காக்கும் விலாக்கூடும் இல்லை. தண்ணீரை விட்டுத் தூக்கினால் சொந்த எடையே அவற்றை நசுக்கும். திமிறும்போது லாக்டிக் அமிலம் சேர்ந்து ரத்தத்தின் தன்மை மாறிவிடும். விட்டதும் நன்றாக நீந்திப் போகிற மீன், சில நாள் கழித்து செத்து மிதக்கலாம். சில சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாயும். அவற்றை அசையாமல் பிடிப்பது, மூக்கைப் பொத்துவது மாதிரி.

சினையாக இருக்கும் திருக்கை இன்னும் பாவம். பிடிபட்ட அதிர்ச்சியிலேயே குட்டிகளை நாள் நிறையும் முன்பே தள்ளிவிடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மீன் காட்சியகத்தில் ரால்ஃப், நார்டன் என்ற 2 திமிங்கலச் சுறாக்கள் 2007-ல் சில மாத இடைவெளியில் இறந்தன. தொட்டியில் ஒட்டுண்ணிக்கு மருந்து போட்ட பிறகு இரை எடுப்பது குறைந்ததால், குழாய் வழியாக உணவு செலுத்தியிருந்தார்கள். ரால்ஃபின் வயிற்றறையில் அழற்சி இருந்தது. அந்தக் குழாய் மீதும் சந்தேகம் எழுந்தது. காப்பாற்றப் போன கையே வினையானதா என்ற கேள்வி அது.

அதனால் இப்போது பல காட்சியகங்களில் துரத்திப் பிடிப்பதில்லை. ஒரு நிறப் பலகையைக் காட்டி, அந்த இடத்திலேயே இரை கொடுத்துப் பழக்குகிறார்கள். மீன் தானாக வந்து ஸ்ட்ரெச்சருக்குள் நுழையும். செவுள் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். வேலையும் சீக்கிரம் முடியும்.

இது கண்ணாடித் தொட்டிக்கு மட்டுமான விஷயம் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துக்கு கடல் என்றால் பழவேற்காடு. வலையில் திருக்கை ஏறுவது அங்கே புதிதல்ல. திருப்பி விடுவதாக இருந்தால், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளையில் விரல் விட்டோ, வாலைப் பிடித்தோ தூக்கக் கூடாது. அந்தத் துளை வழியாகத்தான் அது மூச்சுக்குத் தண்ணீர் இழுக்கிறது. வாலில் முள் இருப்பது மீனவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திமிங்கலச் சுறா 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. குஜராத்தில் வலையை அறுத்து அதை விடும் மீனவர்களுக்கு வனத்துறை இழப்பீடு கொடுக்கிறது. வலை என்றால் முதலீடு. சும்மா அறுக்கச் சொன்னால் யார் அறுப்பார்? வாலில் கயிறு கட்டி பின்னோக்கி இழுத்தால் மட்டும், உயிரோடு விட்டும் பலன் இருக்காது.